ஒரு முழு நிமிடம்

மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் விநாடி முள் ஒரு சுற்று முடித்து வரும்வரை அவள் விட மாட்டாள். கடிகாரம் அவளுடைய அப்பாவுடையது. ஆண்கள் கட்டுகிற பெரிய வட்டம். கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடிவிடும் என்பதால் கழற்றி, நோயாளியின் கைக்குப் பக்கத்தில் படுக்கைமேல் வைத்துக்கொள்வாள். பிறகு தலையைச் சாய்த்து எங்களைப் பார்ப்பாள்.

"சார், ஒரு நிமிஷம் யாரும் பேசாம இருக்க முடியுங்களா?"

அந்த அறையில் இருந்ததே நானும் என் மனைவி சரோஜாவும்தான். நான் டிவியை நிறுத்துவேன். சரோஜா தானும் ஒத்துழைப்பதாக எண்ணி மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

"அம்மா, நீங்க மூச்சு விடலாம்மா."

"எண்ணுறது கலஞ்சிடுமோன்னு பாத்தேன் கண்ணு."

"மூச்சு விட்டாத்தாம்மா அது ஓடும்."

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனை அது. அதனோடு சேர்ந்த நர்ஸிங் பள்ளியில் அவள் மூன்று வருட டிப்ளமாவில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்த சரோஜாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, அங்கே அறுவை சிகிச்சை நடந்தது. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். அதில் அவள் எங்கள் அறைக்கு வந்தது எட்டு நாள். எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. என் வாழ்நாளில் அந்த எட்டு நாட்களைப்போல வேறு எதையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்ததில்லை.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயருக்கு நான் செய்தது போதும்.

முதல் நாள் அறைக்குள் வந்ததும் ஊரையும் பெயரையும் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொன்னாள். "ஊசி போட வேற அக்கா வருவாங்க சார். நான் பல்ஸு, காய்ச்சல் மட்டுந்தான் பாப்பேன். நான் ஆவரேஜ் ஸ்டூடண்ட்."

ஏதோ அவளுடைய பதவியின் பெயர் போல அதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மத்த பொண்ணுங்கள்லாம் பதினஞ்சு செகண்ட்ல முடிச்சிட்டுப் போறாங்களே. நீ மட்டும் ஏன் இவ்வளவு நேரம் பிடிச்சிக்கிட்டு நிக்கிற?"

"அவங்க நாலால பெருக்கிருவாங்க சார். எனக்குப் பெருக்குனா தப்பாயிரும். அதான் முழுசா எண்ணிருவேன்."

"பத்தொம்பது நாலு எவ்வளவு?"

"எழுபத்தாறு."

"நிச்சயமா?"

அவள் கண்கள் ஒரு கணம் என் முகத்தில் தேடின. கை விரல்கள் கோட்டுப் பைக்குள் அசைந்தன. "எழுபத்திரெண்டுங்களா சார்?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, வெப்பமானியை உதறிக்கொண்டே போய்விட்டாள்.

"அந்தப் புள்ள மொதல்ல சொன்னதுதான சரி?" என்றாள் சரோஜா.

"ஆமா."

"அத சொல்லியிருக்கலாம்ல?"

நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். செய்முறைத் தேர்வுகளில் மாணவர்களை வாய்மொழியாகக் கேள்வி கேட்கும்போது என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. பதில் வந்ததும் முகத்தில் எதையும் காட்டாமல் "நிச்சயமா?" என்று கேட்பேன். சிலர் சொன்னதிலேயே நிற்பார்கள். சிலர் உடனே மாற்றிவிடுவார்கள். படித்தவனையும் அரைகுறையையும் பிரிக்க இதைவிட நல்ல வழியில்லை என்று சக ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொல்வேன். அது எதைப் பிரித்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வீட்டில் நாலு பேர் படித்திருந்தவன் நின்றான். வீட்டிலிருந்து முதல் ஆளாக வந்தவன் மாற்றினான்.

இவளும் முதல் ஆள்தான். விக்கிரமங்கலத்துப் பக்கம் ஊர். அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போகிறவர். அம்மா களையெடுக்க, கதிரறுக்கக் கூலிக்குப் போகிறவள். "எங்க தெருவுல மொத நர்ஸு நாந்தான்னு எங்கம்மா போர்டு எழுதி வெக்காத கொறதான் சார். லீவுல போனா ஆளாளுக்குக் கைய நீட்டிக்கிட்டு வூட்டு வாசல்ல நிப்பாங்க. நான் இன்னும் பாஸே ஆவலங்கன்னு சொன்னா, பரவால்ல பாருங்கறாங்க."

"பாத்துச் சொல்லுவியா?"

"பாப்பேன். சொல்ல மாட்டேன். எதாச்சும் தப்பா சொல்லிட்டேன்னா?"

பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். இங்கே பாடமெல்லாம் ஆங்கிலம். அவளுடைய நோட்டை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். இதயத்தின் படம் அழகாக வரைந்திருந்தது. பாகங்களின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ட்ரைகஸ்பிட். பைகஸ்பிட். அதற்கும் சிரித்தேன்.

சரோஜாவுக்கு அந்த நோட்டு பிடித்துப்போனது. அவள் பாடாலூரில் எட்டாவது வரை படித்தவள். கட்டிய நாள் முதல் என் புத்தகம் ஒன்றைக்கூட அவள் தொட்டுப் படித்ததில்லை. படிக்கிறாயா என்று நான் கேட்டதும் இல்லை. இந்தப் பெண் வேலை முடித்துப் போகும் நேரத்தில் ஐந்து நிமிடம் வந்து நோட்டை அவளிடம் நீட்டுவாள். "அம்மா, நான் சொல்லச் சொல்ல நோட்டுல அப்படியே இருக்குதான்னு மட்டும் பாருங்க."

சரோஜா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போவாள். அந்தப் பெண் படுக்கை விரிப்பை இழுத்துச் செருகியபடியே ஒப்பிப்பாள். ஒரு சொல் தவறாது.

"சரியாம்மா?"

"சரியாத்தான் கண்ணு இருக்கு."

"இல்லம்மா, இன்னொரு தடவ பாருங்க."

"வலது பக்கம் இருக்குறது ட்ரைகஸ்பிட்டா?" என்று நான் நாற்காலியிலிருந்து கேட்பேன். "நிச்சயமா?"

அவ்வளவுதான். கையில் விரிப்போடு நின்றுவிடுவாள். சரோஜா என்னை முறைப்பாள்.

அந்தப் பெண் மெதுவாக வேலை செய்ததற்கும் தன்மேல் இருந்த இந்தச் சந்தேகம்தான் காரணம். மற்ற மாணவிகள் இருபது படுக்கை பார்த்து முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்பதில் இருப்பாள். "நேத்து மேடம் எல்லார் முன்னாடியும் கேட்டாங்க சார். நீ பல்ஸு பாக்குறியா, கைரேக பாக்குறியான்னு." இதைச் சொல்லும்போது அவளே முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் மற்றதைச் சொன்னாள். உள்தேர்வில் இரண்டு பாடம் போய்விட்டது. வார்டிலிருந்து இன்னொரு புகார் வந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து டிசி வாங்கிப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்ப நீயும் பதினஞ்சு செகண்ட் எண்ண வேண்டியதுதான?"

"எண்ணிப் பாத்தேன் சார். பயமா இருக்கு. மிச்சம் நாப்பத்தஞ்சு செகண்ட்ல என்ன நடந்துச்சுன்னு தெரியாம எப்படி எழுதறது?"

இரண்டாம் வருட மாணவி சொன்னது இது. அன்றே இதை நான் கேட்டேன். காதில் விழுந்தது என்பதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்பதாம் நாள் காலை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு மருத்துவமனை வாசனையும் கேன்டீன் இட்லியும் அலுத்துவிட்டன. வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அவள் வந்து கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். நான் டிவியை நிறுத்தினேன். ஒரு நிமிடம் ஆனது. அவள் விடவில்லை. இன்னொரு நிமிடம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஸ்டூலில் கிடந்த என் புத்தகத்தின்மேல் வைத்து ஏதோ எழுதினாள். நாள்காட்டியில் கிழித்த தாள்கள் எப்போதும் அவள் பையில் மடித்து இருக்கும். முதலில் அதன் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகுதான் சார்ட்டில் பேனாவால் எழுதுவாள். மறுபடி கையைப் பிடித்தாள். மூன்றாவது நிமிடம். அதையும் தாளில் குறித்தாள்.

"சார், நடுவுல ஒண்ணு ஒண்ணு விட்டுப்போவுது."

"என்ன விட்டுப்போவுது?"

"துடிப்பு சார். ஓடிக்கிட்டே வந்து, ஒண்ணு காணாமப் போயிட்டு, அப்பறம் வருது. மேடத்துக்கிட்ட சொல்லிட்டு வந்துரவா?"

நான் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். துடிப்பு விட்டுப்போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தவளையின் இதயத்தை வைத்து அதைப் பாடமாகவே நடத்தியவன் நான். அவள் சொன்ன அந்தக் கணமே எனக்குப் புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. இதை அவள் போய்ச் சொன்னால் ஈசிஜி எடுப்பார்கள், வேறு டாக்டரை வரவழைப்பார்கள், நாளைக்கு வீட்டுக்குப் போக முடியாது. ஆவரேஜ் பெண் எண்ணியதுதானே, தப்பாக எண்ணியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள எவ்வளவு நேரம் பிடித்தது? அரை நிமிடம்கூட இல்லை.

"நிச்சயமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ எண்ணிக்கைய விட்டிருப்ப."

"மூணு தடவ எண்ணுனேன் சார்."

"மூணு தடவையும் ஒரே மாதிரி வந்துச்சா?"

"இல்ல சார். வேற வேற வந்துச்சு."

"அப்ப நீதான விட்டிருக்க? நேத்து எவ்வளவு?"

"எழுபத்தாறு."

"காலையில டாக்டரே பாத்துட்டு நல்லாருக்குன்னு போயிட்டாரு. நீ போயி இல்லாதத சொல்லி, உங்க மேடம் வந்து எண்ணி, சரியா இருந்துச்சுன்னு வையி. யாரு மேல கம்ப்ளைண்ட் வரும்?"

அவள் கடைசியாக ஒருமுறை சரோஜாவின் கையைப் பார்த்தாள். "நாந்தான் விட்டிருப்பேன் சார்" என்றாள். தாளில் எதையோ அடித்து எழுதிவிட்டு, கட்டிலின் காலடியில் தொங்கிய சார்ட்டை எடுத்து எழுபத்தாறு என்று எழுதினாள். கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். தாளை மறந்து என் புத்தகத்தின்மேலேயே வைத்துவிட்டுப் போனாள். படித்த பக்கம் தவறாமலிருக்க நான் அதை எடுத்துப் புத்தகத்துக்குள் செருகினேன். திருப்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ள போயி சொல்லியிருக்கட்டுமே" என்றாள் சரோஜா. அவள் என்னிடம் முழுசாகப் பேசிய கடைசி சில வாக்கியங்களில் அது ஒன்று.

மறுநாள் பகல், வீட்டுக்குப் புறப்படப் பையெல்லாம் கட்டிவிட்டோம். சரோஜா காபி குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளர் கையிலிருந்து நழுவியது. நான் அதட்டப் போனேன். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

இதயம் சீராகத் துடிக்காததால் உள்ளே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டர். முன்னாலேயே கவனித்திருந்தால் தடுத்திருக்கலாமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முயற்சி செய்திருக்கலாம் என்றார். பிறகு சார்ட்டை வரவழைத்தார். அடுத்தடுத்த இரண்டு நாளும் ஒரே எண். எழுபத்தாறு, எழுபத்தாறு.

நர்ஸிங் கண்காணிப்பாளரின் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அவள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் கடிகாரம் முழங்கைக்கு ஏறிக் கிடந்தது.

"எண்ணுனியா, முந்தின நாள் நம்பரப் பாத்து எழுதிட்டியா?"

"எண்ணுனேன் மேடம்."

"அப்பறம் எப்படி அதே நம்பர் வரும்?" அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க ரூம்லயேதான இருந்தீங்க? இவ எண்ணுனாளா?"

அவளும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் நான் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். அது எப்போதும் பார்க்கிற பார்வைதான். சரியான பதில் எது என்று என் முகத்தில் தேடுகிற பார்வை.

"எண்ணுச்சுங்க," என்றேன். "ஆனா அந்தப் பொண்ணுக்கு எண்ணிக்க கொஞ்சம் தடுமாறும். சின்னப் பொண்ணு. பெருசு பண்ணாதீங்க."

பெருந்தன்மையான குரலில் சொன்னேன்.

"நாந்தான் தப்பா எண்ணிட்டேன் மேடம்," என்றாள் அவள். நான் அப்படி எழுத வைத்ததை அவள் சொல்லவே இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக மறைத்தாள் என்று பல நாள் நினைத்திருந்தேன். அப்படியும் இல்லை. நான் சொன்னதை அவள் நம்பிவிட்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, மருத்துவமனை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லுங்கியைத் தூக்கிக் கட்டிய ஒருவர் இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். பின்னால் அவள், தலையணையை மார்போடு அணைத்தபடி. நான் இறங்கிப் போயிருக்கலாம். மூன்று மாடிதான், லிஃப்டும் இருந்தது.

சரோஜா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். பேச்சு வரவில்லை. வலது கை செத்துவிட்டது. அந்த அறையில் நடந்ததைக் கேட்ட ஒரே சாட்சி அவள். காலையில் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போகும்போது, இடது கை விரல்களால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முள் ஒரு சுற்று வந்ததும் என்னைப் பார்ப்பாள். தினமும். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருப்பேன். "என்ன வேணும்?" என்று கேட்பேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அவள் போன பிறகு அலமாரியை ஒழித்தபோது அந்தப் புத்தகம் கையில் வந்தது. உள்ளே நாள்காட்டித் தாள். முன்பக்கம் அந்த நாளின் தேதி, ராசிபலன். பின்பக்கம் பென்சிலில் சிறிய, தெளிவான எழுத்து.

"ரூம் 7, அம்மா. 82, ஏழு தடவ விட்டுது. 79, ஒம்போது தடவ விட்டுது. 81, எட்டு தடவ விட்டுது. மேடம்கிட்ட சொல்லணும்."

கடைசி வரிமேல் ஒரு கோடு. அடித்திருந்தாள். அதற்குக் கீழே 76.

ஒழுங்கில்லாத துடிப்பை மூன்று முறை எண்ணினால் மூன்று விதமாகத்தான் வரும். வேறு வேறாக வந்ததுதான் அவள் சரியாக எண்ணியதற்கு அத்தாட்சி. அதையே அவளுக்கு எதிராகத் திருப்பினேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நர்ஸிங் பள்ளிக்குப் போனேன். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் மாறியிருந்தார். புதியவர் இரண்டு தரம் படித்தார். "அந்தப் பொண்ணு நேர்ல வந்து, நடந்தத எழுதிக் குடுத்து, திரும்பச் சேத்துக்கங்கன்னு கேட்டா மேலிடத்துக்கு அனுப்பிப் பாக்கலாம் சார். அவ கேக்கணும். நீங்க கேட்டு ஆவாது."

அரியலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி விக்கிரமங்கலத்தில் இறங்கி விசாரித்தேன். அவளுடைய அம்மா வாசலில் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"அது திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போவுதுங்க. அதுக்குப் படிப்பு வரலைங்க சார். அதுவேதான் சொல்லுச்சு. ஒரு அம்மாவுக்குத் தப்பா எண்ணிட்டேன், இனிமே யாரு கையையும் தொட மாட்டேன்னு வந்துருச்சு. ஊர்ல யாராச்சும் கைய நீட்டுனாக்கூட வூட்டுக்குள்ள போயிருது." அடுத்த கதிரை எடுத்துக்கொண்டே, "அந்த அம்மா இப்ப நல்லாருக்காங்களா சார்? நாங்க வந்து பாத்திருக்கணும். எந்த மொகத்தோட வர்றதுன்னு இருந்துட்டோம்" என்றாள்.

என் மனைவி இறந்துவிட்டாள், உங்கள் மகள்மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உரித்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பெரிய படிப்பு படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். எதைச் சரி என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மகளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேசினேன். குரலைக் கேட்டதும் "அம்மாவுக்குத் துணையா இருந்தீங்களா சார்?" என்று கேட்டாள். சரோஜா இறந்த செய்தி தாய் மூலம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீ எண்ணினதுதாம்மா சரி. நான்தான் தெரிஞ்சே உன்னை மாத்தி எழுத வெச்சேன்."

"பரவால்ல சார். ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"ஆறுதல் இல்லம்மா. உன் தாள் என்கிட்ட இருக்கு. அத வெச்சு நீ திரும்பச் சேரலாம். வந்து ஒரு கடுதாசி எழுதிக் குடு. மத்ததுக்கெல்லாம் நான் கூட நிக்கிறேன்."

பின்னால் தையல் எந்திரங்களோ, மின்விசிறியோ ஓடும் சத்தம் கேட்டது.

"வேணாம் சார். நான் ஆவரேஜ்தான். இன்னொரு அம்மாவுக்கு ஆயிடும்."

அன்று சாயங்காலம் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அவள் எழுதியதை அவளே பார்க்கட்டும் என்று. பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் குறிகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது.

"இது என் கையெழுத்துதானா சார்? நிச்சயமா?"

நிச்சயம் என்று எழுதி அனுப்பினேன். ஒருமுறை போதாதென்று மூன்றுமுறை எழுதினேன். மூன்றும் அவளைச் சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.